ஜம்புகுமார் கொல்லச் சொல்லவில்லை

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் 'கருணை இல்லம்' என்று பச்சை எழுத்தில் பலகை தொங்கும் விடுதிக்குச் சொந்தக்காரர் ஜம்புகுமார். பிறந்ததிலிருந்து ஓர் எறும்பைக்கூட மிதித்ததில்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். அது உண்மைதான். எறும்பு இருக்கும் இடத்துக்கு அவர் போவதில்லை. வேறு யாரையாவது அனுப்புவார்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே போனால் வருகிற ஒரு ஜைன ஊரில் பிறந்தவர்; அந்தப் பக்கத்து ஜைனர்களை 'நயினார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிற குடும்பம். ஊர்க் கோயிலில் பாடம் சொன்ன பண்டிதர் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: ஓர் உயிரைக் கொல்வதும், கொல்லச் சொல்வதும், கொன்றதைச் சரி என்று ஒப்புவதும் ஒரே பாவம். மற்றப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். ஜம்புகுமார் அதில் எங்கே சந்து இருக்கிறது என்று பார்த்தார். பண்டிதர் நான்காவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கொல்லச் சொல்லாமலேயே கொல்ல வைப்பது பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவருடைய அண்ணனுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. வயலில் பூச்சி விழுந்தால் அவரே மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குவார். "பூச்சி சாவாம நெல்லு வெளையாது. சாவுது. அந்தப் பாவம் என் தலையிலதான்" என்று சொல்லிவிட்டு அதற்காக உபவாசம் இருப்பார். இவ்வளவு வெளிப்படையாகப் பாவம் செய்கிற மனிதரைப் பார்த்து ஜம்புகுமார் மனசுக்குள் இரக்கப்படுவார்.

பாகம் பிரிந்ததும் தன் பங்கு நிலத்தைக் கருப்பன் என்பவருக்கு விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டார். கருப்பன் வரப்பில் நின்று, "நயினாரே, குருத்துப்பூச்சி விழுந்திருக்குது. மருந்து அடிச்சிடட்டுமா?" என்று கேட்டால், "நெலம் உன் கையில இருக்குது கருப்பா. பாத்துக்கோ" என்பார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, தெளிப்பான் சத்தம் ஓயும்வரை எதிர் வயலில் நிற்கும் கொக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

விடுதி கட்டிய பிறகு அந்த 'பாத்துக்கோ'வுக்கு வேலை ஜாஸ்தியானது. தங்க வருகிறவர்கள் ஆம்லெட் கேட்டார்கள். கருணை இல்லத்துச் சமையல்கட்டில் வெங்காயமே கிடையாது. ஆனால் பக்கத்துக் கட்டடத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் இவர் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு ஜன்னல் முளைத்தது. கேட்டால் தட்டு வரும். எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்ப்பதில்லை. கொசுவுக்கு எல்லா அறையிலும் மருந்து செருகியிருந்தது. "நாம ஒண்ணும் பண்றதில்ல. வாசனை புடிக்காம அதுவே போயிடுது" என்பார்.

எலிக்கு நசீர் அகமது இருந்தார். நவாபு காலத்திலிருந்து இந்த ஊரிலேயே கடை வைத்திருக்கிற குடும்பம். அப்பா பூட்டு, குடை ரிப்பேர் பார்த்தவர். நசீர் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலுக்கு வந்துவிட்டார்.

"பாய், கீழ் ரூம் பக்கம் ஏதோ ஓடுதாம்."

"எத்தன ஓடுது?"

"நான் எண்ணல. கொஞ்சம் பாத்துக்கோங்க."

சொன்ன கையோடு ஜம்புகுமார் செருப்பை மாட்டிக்கொண்டு மலை சுற்றக் கிளம்பிவிடுவார். வழியெல்லாம் சகல ஜீவராசிகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். திரும்பி வரும்போது சகல ஜீவராசிகளில் கீழ் ரூமில் இருந்தவை மட்டும் இருக்காது.

"எலியெல்லாம் தானா போயிடுச்சு போல" என்பார் மனைவி தர்மதேவியிடம்.

தர்மதேவி தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிறவள். கிழங்கு தொடமாட்டாள். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை போடமாட்டாள். அடுத்தவர் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கமாட்டாள். புருஷன் தட்டை மட்டும் சில நேரம் பார்ப்பாள். "போச்சா, போக வெச்சீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். "எல்லாம் ஒண்ணுதான்" என்று அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் இரண்டாவது மாடிக்குக் கலையரசன் குடிவந்தார். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் ஷாம்பூவிலிருந்து சிமெண்டு வரை விற்றவர். அறுபதை நெருங்கும்போது தாடி வளர்த்து, வெள்ளைக் கதர் போட்டு, திருவண்ணாமலைக்கு வந்து, எதுவுமே தவறில்லை என்பதை விற்க ஆரம்பித்தார். சாயங்காலம் மொட்டைமாடியில் பாய் விரித்துக் கூட்டம். பெங்களூர்க்காரர்கள் சிலர் வருவார்கள், வெள்ளைக்காரர்கள் சிலர் வருவார்கள், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் தவறாமல் வருவார்கள். கூட்டத்துக்கு 'தீர்ப்பில்லா மாலை' என்று பெயர் வைத்திருந்தார்.

ஜம்புகுமார் முதல் நாள் மின்விசிறி போட மேலே போனவர், அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு ஊர்ல மாடு சாமி. இன்னொரு ஊர்ல மாடு சாப்பாடு. எது சரி? ரெண்டும் சரி. எது தப்பு? எதுவும் இல்ல" என்றார் கலையரசன். "தப்புங்கிறது பழக்கம் சார். காபியில எவ்வளவு சர்க்கரைங்கிற மாதிரி. உங்க நாக்க வெச்சு என் டம்ளருக்குத் தீர்ப்பு சொல்லாதீங்க."

ஜம்புகுமாருக்கு மூச்சு முட்டியது. இத்தனை வருஷமாக அவர் சுவரில் சந்து தேடித் தேடி உடம்பை ஒடுக்கி நுழைந்துகொண்டிருந்தார். இந்த மனிதர் சுவரே கிடையாது என்கிறார். மறுநாளிலிருந்து கலையரசனுக்குக் காலைக் காபி விடுதிச் செலவில் போனது.

மூட்டைப்பூச்சி வந்தது அதற்குப் பிறகு. யாருடைய முதுகுப்பையில் ஏறி வந்தது என்று தெரியவில்லை. புனேயிலிருந்து தியானத்துக்கு வந்திருந்த ஒரு பெண் காலையில் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக் காட்டினாள். எறும்பு ஊர்வலம் போல வரிசையாகச் சிவந்து தடித்திருந்தது. அன்று மத்தியானமே கூகுளில் கருணை இல்லத்தைப் பற்றி, 'அமைதியான இடம். ஆனால் படுக்கையில் நீங்கள் மட்டும் இருக்கமாட்டீர்கள்' என்று எழுதிவிட்டுப் போனாள்.

எலி விவகாரத்தில் தடுமாறாத ஜம்புகுமார் இதில் தடுமாறினார். எலி என்றால் நாலைந்து. இது கட்டில் சட்டத்தில், மெத்தைத் தையலில், சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மூவறிவு உயிர் என்று பண்டிதர் சொன்னது வேறு ஞாபகம் வந்தது. இவ்வளவு பெரிய மொத்தக் கொள்முதலுக்குப் பழைய சந்து தாங்குமா என்று ஒரு பயம். மேலே போய்க் கலையரசனிடம் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். நம்ம பாய் மூட்டப்பூச்சிக்கு மருந்து அடிச்சா பாவம் யாருக்கு?"

"உங்க மதத்துல அது பாவமா?"

"மகா பாவம் சார்."

"அவரு மதத்துல?"

"கடிக்கிறதக் கொல்லலாம்னு கேள்வி."

கலையரசன் கண்ணை மூடித் திறந்தார். "அப்புறம் என்ன ஜம்பு? செய்யறவரு அவரு. அவருக்கு அது பாவமில்ல. பாவம்னு நம்புறவரு நீங்க. ஆனா நீங்க செய்யல. செஞ்சவருக்குப் பாவமில்ல, பாவம்ங்கிறவரு செய்யல. அந்தப் பாவம் எங்க போய் நிக்கும்? நிக்க எடமே இல்ல!"

ஜம்புகுமாருக்கு உடம்பு சிலிர்த்தது. ஆகமத்தில் இல்லாத தெளிவு இந்த மொட்டைமாடியில் இருக்கிறதே என்று நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்: வாயைத் திறந்தார். மறுநாள் தெளிப்பானோடு வந்து நின்ற நசீரிடம், கலையரசன் சொன்னதை ஒரு வரி விடாமல் ஒப்பித்து, "உங்களுக்குப் பாவம் இல்ல, எனக்கும் இல்ல. எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க பாய்!" என்று முடித்தார்.

நசீர் தெளிப்பானைக் கீழே வைத்தார்.

"நயினாரே, இத்தன வருஷமா எலிக்கு என்னைக் கூப்டது இதுக்குத்தானா? பாயின்னா பாவமில்ல, அவன் தலையில ஏத்திடலாம்னா?"

"ஐயோ, அப்படி இல்ல பாய். உங்களுக்குத்தான் அது பாவமே இல்லையே..."

"யார் சொன்னது? காரணம் இல்லாம ஒரு குருவியக் கொன்னாக்கூட அல்லாகிட்ட நான் பதில் சொல்லணும். கடிக்குது, தொல்லையா இருக்குது, ஒருத்தர் வந்து 'கொல்லுங்க பாய்'னு கேக்கறாரு, நான் கொல்றேன். அது எனக்குக் காரணம். நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல. ஏதோ ஓடுதும்பீங்க, ஏதோ சத்தம்பீங்க. நானும் தொழிலாச்சேன்னு விட்டுட்டேன். இன்னிக்கு வாயால சொல்லுங்க. கொல்லுங்கன்னு ஒரே வார்த்த. இப்பவே அடிச்சிட்டுப் போறேன்."

ஜம்புகுமாரின் வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. "அது வந்து பாய்... நீங்களா கொஞ்சம் பாத்து..."

"பாக்கறதுக்கு நான் என்ன கண் டாக்டரா?" என்று நசீர் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நசீருக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அவரும் ஒன்றும் ஔலியா, மகான் இல்லை. சாராயம் விற்கும் கடைக்கு மருந்தடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் பார் வைத்த ஓட்டலுக்கு மாதாமாதம் போவார். அங்கே பலகையில் 'ரெஸ்டாரண்ட்' என்றுதானே போட்டிருக்கிறது என்பார். இருந்தாலும், அடுத்தவர் கோணல் கண்ணில் படும்போது கோபம் வரத்தானே செய்கிறது.

வேலூரில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. ஆனால் அவர்கள் வண்டியின் இரண்டு பக்கமும், கரப்பான் ஒன்று கால்களை வானத்துக்குத் தூக்கி மல்லாந்து கிடக்கும் படம் ஆளுயரத்துக்கு வரைந்திருக்கும். அந்த வண்டி கருணை இல்லத்து வாசலில் நிற்பதை ஜம்புகுமாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஊர் ஜைனர் யாராவது பார்த்துவிட்டால்?

அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனார். மோட்டார் கொட்டகையில் கருப்பன் மிச்சம் வைத்திருந்த நெல் மருந்து அரை பாட்டில் இருந்தது. லேபிளில் கடும் விஷத்துக்கான சிவப்பு முக்கோணம். அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இரண்டாவது மாடிப் படிக்கட்டில் வைத்தார். வைத்துவிட்டு, அறைகளைப் பெருக்கித் துடைக்கும் எல்லம்மாள் வரும்வரை அங்கேயே ஒரு பூந்தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சொல்வதைவிடச் சொல்லாததைச் சீக்கிரம் புரிந்துகொள்வாள். அதனால்தான் மற்ற வேலைக்காரர்கள் நிலைக்காத இடத்தில் அவள் நிலைத்திருந்தாள்.

"இன்னா பாட்டிலு சார் இது?"

"எது?"

"படிக்கட்டுல கீதே."

"ஓ, அதுவா. நெலத்துல பூச்சிக்கு வெச்சிருந்தாங்களாம். இருக்கட்டும்." தொட்டியை மறுபடி திருப்பினார். "அந்தக் கடைசி ரூம் ரெண்டு நாள் காலியாத்தான் இருக்கும். ஜன்னல்லாம் சாத்தித்தான் இருக்குது. வாசன வெளிய வந்தாத்தான் மத்தவங்களுக்குத் தொந்தரவு."

எல்லம்மாள் பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடிச்சிடணுமா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. உனக்குத் தெரியாததா? பாத்துக்கோ."

அவர் மலை சுற்றக் கிளம்பினார்.

எல்லம்மாள் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் டப்பாவில் மருந்தை ஊற்றினாள். முந்தானையை மூக்குக்குக் கட்டிக்கொண்டாள். அவர் சொல்லாமல் சொன்னபடியே ஜன்னலைத் திறக்கவில்லை. கதவையும் உள்ளே சாத்திக்கொண்டாள். கட்டில் சட்டம், மெத்தை, சுவர் விரிசல் என்று குனிந்து குனிந்து அடித்தாள். பாதி அறை முடிவதற்குள் கண் இருட்டியது. வாந்தி எடுத்தாள். கதவைப் பிடித்துத் திறக்கும் தூரத்தில்தான் விழுந்தாள், திறக்க முடியவில்லை.

நெடி கீழேவரை வந்தது. தர்மதேவி மூச்சிரைக்க மாடியேறினாள். பக்கத்து அறை வாசலில் கலையரசன் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மற்றக் கையில் போன்.

"யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடணும்" என்றார்.

"நீங்க கூப்பிடுங்க!" என்று தர்மதேவி கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. கலையரசன் கூப்பிட்டார். அவள் கதவைத் தள்ளி, எல்லம்மாளை அக்குளில் பிடித்து நடைக்கு இழுத்து வந்தாள். எல்லம்மாளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. தர்மதேவி அதைத் தன் புடவையால் துடைத்தாள்.

போன் வந்தபோது ஜம்புகுமார் பாதி மலை சுற்றியிருந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இளவயது டாக்டர் ஒருவர் தடுப்புத் துணிக்கு வெளியே வந்து, "என்ன மருந்து அடிச்சாங்க? யாரு குடுத்தது?" என்றார்.

"நான் எதுவும் குடுக்கல டாக்டர். படிக்கட்டுல ஏதோ பாட்டில் இருந்ததா சொல்றாங்க."

"எந்த பாட்டில்? பேரு என்ன? அது தெரிஞ்சாத்தான் என்ன ஊசி போடறதுன்னு முடிவு பண்ண முடியும்."

"அவங்களா ஏதோ எடுத்து... நான் அப்ப வீட்டுலயே இல்ல டாக்டர்."

பின்னால் வந்த தர்மதேவி துணிப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இதுதான். நெலத்துக்கு அடிக்கறது. எடுத்துட்டு வந்து வெச்சது இவரு. அடிக்கச் சொன்னது நாங்கதான்."

"தர்மா! அடின்னு நான் சொல்லவே இல்லையே!"

"சண்டைய வெளிய போய்ப் போட்டுக்குங்க" என்று டாக்டர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

நடையில் இரும்பு நாற்காலியில் ஜம்புகுமார் உட்கார்ந்திருந்தார். துணியின் இடுக்கில் எல்லம்மாளின் பாதம் தெரிந்தது. அது வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. செத்துப்போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த அடுத்த கணமே, 'நான் அப்போது மலை சுற்றிக்கொண்டிருந்தேன், பார்த்தவர்கள் இருக்கிறார்கள்' என்று இன்னொரு நினைப்பு தானாக ஓடி வந்து பக்கத்தில் நின்றது. யாரும் கூப்பிடவில்லை, பழகின நாய் மாதிரி வந்தது. ஒரு மனுஷியின் கால் இழுத்துக்கொண்டிருக்கும்போது தன் மனசு சாட்சிக்கு ஆள் தேடுவதை அவரே பார்த்துவிட்டார். சாவைக் கண்ட பயம் கொஞ்சம், இதைக் கண்ட பயம் மிச்சம்.

எல்லம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செலவை ஜம்புகுமார் முகம் சுளிக்காமல் கட்டினார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கலையரசன் மறுநாளே காலி செய்தார். பெட்டிகளை வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னார்: "இது கிரிமினல், ஜம்பு! ஒரு ஏழைப் பொம்பளையச் சாத்தின ரூம்ல வெஷம் அடிக்க விட்டிருக்கீங்க. எந்த ஊர்லயும் இது தப்பு. எந்தக் காலத்துலயும் இது தப்பு!"

காபிச் சர்க்கரை பற்றிக் கேட்க ஜம்புகுமாருக்கு ஆசைதான். ஆனால் கலையரசன் சொன்னது இந்த ஒரு தடவை சரியாக இருந்தது. தீர்ப்பில்லா மாலை நாலு தெரு தள்ளி வேறொரு மொட்டைமாடிக்கு மாறியது. 'பொறுப்பு ஏற்றல்' என்று அங்கே புதுத் தலைப்பில் பேச்சு நடக்கிறதாம். கருணை இல்லத்துச் சம்பவத்தை, பெயர் சொல்லாமல், உதாரணமாகக் காட்டுகிறாராம். ஆம்புலன்ஸ் கூப்பிட்டவர் அவர்தான் என்றும் அதில் வருகிறதாம்.

மூட்டைப்பூச்சி மட்டும் இன்னும் இருந்தது. தர்மதேவி போனை எடுத்தாள்.

"பாய், நான் தர்மதேவி பேசறேன். ரெண்டாவது மாடியில மூட்டப்பூச்சி இருக்குது. வந்து கொன்னுடுங்க."

"வரேம்மா" என்றார் நசீர்.

அவர் முறையான மருந்தோடு, மூக்கு மூடியோடு வந்தார். ஜன்னல்களை எப்போது சாத்த வேண்டும், எப்போது திறக்க வேண்டும், யாரும் எத்தனை நேரம் உள்ளே போகக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு விரிசல்களுக்கு அடித்தார். கட்டில் சட்டங்களைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டிருந்தார்கள். தர்மதேவி பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அதை அவளே மொண்டு, மூலை மூலையாக ஊற்றினாள். கருப்புக் கருப்பாகப் பூச்சிகள் மிதந்து வடிந்தன. அவள் கண்ணைத் திருப்பவில்லை. உதடு மட்டும் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜம்புகுமார் மாடிக் கதவருகே நின்று தவித்தார். "உனக்கு எதுக்கு இது? அதான் பாய் வந்துட்டாரே, அவரு பாத்துக்குவாரு."

"நீங்க கீழ போங்க. ஆவி அடிக்கும்."

அன்றிலிருந்து மூன்று நாள் அவள் காய்ச்சின தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. இரண்டாம் நாள் ஜம்புகுமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் உன்கூட இருக்கட்டுமா?" என்றார்.

"எதுக்கு இருப்பீங்க?"

"பிராயச்சித்தந்தான்."

"நான் இத்தன உயிரக் கொன்னேன். அதுக்கு இருக்கேன். நீங்க என்ன பண்ணீங்க? எதுவும் பண்ணலையே." அவள் கேலியாகச் சொல்லவில்லை, களைப்போடு சொன்னாள். ஜம்புகுமார் எழுந்து சாப்பிடப் போனார். இத்தனை வருஷம் சேர்த்த சுத்தத்தில், ஒரு வேளை பட்டினி கிடக்கக்கூட முகாந்திரம் இல்லை.

வருஷா வருஷம் மன்னிப்புக் கேட்கும் நாள் ஒன்று ஜைனர்களுக்கு உண்டு. தாமரைப் படம் போட்டு, 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க' என்ற வாசகத்தை வாட்ஸ்அப்பில் இருக்கிற எல்லாருக்கும் ஜம்புகுமார் ஒரே தட்டில் அனுப்பிவிடுவார். அந்த வருஷம் அது எல்லம்மாளுக்கும் போனது. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

"நேர்ல போங்க" என்றாள் தர்மதேவி.

பௌர்ணமி அன்று வெயில் இறங்குகிற நேரத்தில் அடி அண்ணாமலைக்குப் போனார். கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. எல்லம்மாள் பாதையோரம் தள்ளுவண்டியில் வேகவைத்த வேர்க்கடலை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்றுக்கொண்டிருந்தாள். உடம்பு இளைத்திருந்தது. ஆவி முகத்தில் அடித்தால் இருமினாள். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"எல்லம்மா, உடம்பு எப்படி இருக்குது?"

"கீது சார்."

அவர் கையைக் குவித்தார். "தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா..."

"தெரிஞ்சா, தெரியாமயா சார்?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாருமா பாட்டில் வெச்சாங்க? நீங்கதான வெச்சீங்க." ஒருவர் வந்து காகிதக் கூம்பில் கடலை கேட்டார், அள்ளிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "தெரியாம வெச்சிருந்தா வுடுங்க, அதுக்கு நான் இன்னாத்த மன்னிக்கிறது? தெரிஞ்சு வெச்சிருந்தா சொல்லுங்க. அப்புறம் நான் யோசிக்கிறேன்."

ஜம்புகுமார் நின்றார். மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்க அங்கே கொக்கு எதுவும் இல்லை. "தெரிஞ்சுதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இன்னா சார்? கேக்கல."

அவள் விளையாடவில்லை, உண்மையிலேயே கேட்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைக்க, "தெரிஞ்சுதாம்மா வெச்சேன்! நீ அடிப்பேன்னு தெரிஞ்சுதான் வெச்சேன்!" என்று சொன்னார். மல்லாட்டை வாங்க நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், "யாரை அடிச்சாராம்?" என்று கேட்டாள்.

எல்லம்மாள் தலையை ஆட்டினாள். "செரி."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"யோசிக்கிறேன்னுதான சொன்னேன்."

"வேலைக்கு எப்ப வர்ற? உன் எடம் அப்படியேதான் இருக்குது."

"வரல சார். வேற லாட்ஜ்ல சேந்துட்டேன். அங்க கத்துவாங்கதான். ஆனா இன்னா வேணுமோ அத வாயால சொல்லிக் கத்தறாங்க. நவுந்து நில்லுங்க, யாவாரம் கெடுது."

அவர் நகர்ந்து நின்றார். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஆரம்பித்தார். நெஞ்சுக்குள் ஏதோ கழன்றது மாதிரியும் இருந்தது, அடிபட்டது மாதிரியும் இருந்தது. கொஞ்ச தூரம்வரை நிஜமாகவே அழுகை வந்தது; மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். செங்கம் ரோடு வருவதற்குள் அழுகை நின்று, வேறொன்று ஆரம்பித்திருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நானாகப் போனேன், நேராகச் சொன்னேன், ஒரே தடவையில் ஒப்புக்கொண்டேன், அங்கிருந்த பெண்களே அசந்துபோனார்கள். ஆசிரமத்து மதில் கண்ணில் படும்போது அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த கதையில் எல்லம்மாளும் லேசாகக் கண் கலங்கியிருந்தாள்.